கடைசியாக யாரைத் திருப்பி அனுப்பினாய்?

அச்சுவேலி உரக்கடையில் பூச்சிமருந்து நெடி மூக்கில் ஏறியதும் உன் முகம்தான் வந்தது. கோபமும் கூடவே வந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்ல மகள் எழுதுகிறாள்.

கடையில் கணக்கெடுப்புக்கு வந்த ஒரு இளம் பிள்ளை கேள்வி கேட்டுப் பதிந்துகொண்டு நின்றாள். கடன் கொடுப்பவர்களை எல்லாம் விசாரித்து, இனிக் கடன் இறுகுமா இளகுமா என்று கணிக்கிறார்களாம்.

"வாற போகத்துக்குக் கடனைக் குறைப்பியளோ அண்ணை?"

"சீச்சீ, எப்பவும் போலத்தான் தங்கச்சி."

அப்படியே பதிந்தாள்.

நீ ஊர்ச் சிக்கனச் சங்கத்துச் செயலாளராக இருந்தபோது, நடுகைக்கு முன் சைக்கிளில் உரக்கடை, நகை அடகு பிடிக்கும் அடைவுகடை, வங்கி என்று சுற்றி வருவாய். "தருவியளோ எண்டு கேட்டால் ஓம் எண்டுதான் சொல்லுவாங்கள் மச்சான். கடைசியா ஆரைத் திருப்பி அனுப்பினனியள் எண்டு கேக்கவேணும்" என்பாய். கெட்டிக்காரன்தான். ஆனால் அந்தப் போகம், மூன்று இடத்திலும் ஆட்களைத் திருப்பி அனுப்புவதை அறிந்தும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாய். நான் காணி முழுக்க வெங்காயம் நட்டேன். பாதியில் உரத்துக்கும் மருந்துக்கும் ஒருவரும் கடன் தரவில்லை. பயிர் அழிந்தது. நடுகைக்குப் பட்ட கடனுக்கு, மகளுக்கென்று வைத்திருந்த காணியும் போனது.

உன் வீட்டு வாசல் படலையில் நின்று கத்தினேன். "தெரிஞ்சும் ஏனடா சொல்லேல்லை?"

"சொன்னால் ஊரே ஒரு நாளிலை கடன் கேட்டுப் போய் நிண்டிருக்கும். குடுக்கிற கொஞ்சக் கடனையும் பூட்டியிருப்பாங்கள்."

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே?"

"உனக்குச் சொல்லுறதும் ரேடியோவிலை சொல்லுறதும் ஒண்டுதான்."

காணி போனவனிடம் பகிடி! உன் செத்த வீட்டுக்கு வந்தேன். அழவில்லை.

இன்று அந்தப் பிள்ளையின் பேச்சுக்குக் குறுக்கே விழுந்தேன். "அதை விடும் தம்பி. கடைசியா ஆரைக் கடன் இல்லையெண்டு அனுப்பினனீர்?"

கடைக்காரரின் முகம் கறுத்தது. "நேற்று நாலு பேர், காலமை ரண்டு பேர். உமக்கேன் அப்பு உந்த விண்ணாணக் கேள்வி?"

பிள்ளை பதிலை அழித்துத் திருத்தினாள்.

"உது எங்களுக்கு எப்ப தெரியவரும் பிள்ளை?"

"கொழும்பிலை அறிக்கை வரும் ஐயா."

அடுத்த கிழமை நடுகை. அறிக்கை வரும்வரை விதை வெங்காயம் காத்திருக்குமா? கடையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி உரத்துச் சொன்னேன், கடன் இறுகப்போகிறது, பார்த்து நடுங்கள் என்று. "வெளியிலை போம்!" என்று கத்தினார் கடைக்காரர்.

குத்தகைக் காணியில் எட்டுப் பரப்பு நட இருந்த மகள், கைக்காசுக்கு மூன்று பரப்பே போதும் என்கிறாள். நீ பயந்தது போல நாளைக்கு ஊரே போய் நிற்கலாம். கடைக்காரர் அடியோடு பூட்டலாம். பூட்டட்டும். நட்ட பிறகு பூட்டுவதிலும் பார்க்க நடமுன் பூட்டுவது நல்லது. இவ்வளவு காலமும் இதை உனக்குச் சொல்லத்தான் வைத்திருந்தேன்.