மறைந்த புள்ளி

புதன், இரவு.

கோபம் அடங்கவில்லை. நாமக்கல் தீவன ஆலையில், முட்டைக்கோழித் தீவனம் கேட்டவருக்குக் குஞ்சுத் தீவனம் போய்விட்டதென்று, பில் போடும் செல்வி அக்காவை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். தவறு நாங்கள் அந்த ஆலைக்கு எழுதிக்கொடுத்த பில் மென்பொருளில். தீவனத்துக்கும் மருந்துக்குமான ரேடியோ பட்டன்களை, அதாவது ஒரு குழுவில் ஒன்றில் மட்டுமே புள்ளி விழும் வட்டங்களை, எங்கள் சீனியர் பிரபு தனித்தனிக் குழுக்களாகப் பிரிக்கவில்லை. மருந்தைத் தேர்ந்தெடுத்தால் தீவனத் தேர்வு அழிகிறது. தீவனம் எதுவும் தேர்வாகாவிட்டால் நிரல் முதலில் இருக்கும் குஞ்சுத் தீவனத்தை எடுத்துக்கொள்கிறது.

"அக்கா கவனிக்காம அமுக்கிட்டாங்க" என்றான் பிரபு, இன்று நாங்கள் ஆலைக்குப் போனபோது முதலாளியிடம். நான் திரையில் தீவனத்தையும் பிறகு மருந்தையும் அமுக்கிக் காட்டினேன். தீவனத்தில் விழுந்திருந்த முதல் புள்ளி மறைந்தது.

"அப்ப எம்மேல தப்பில்லீங்களா?" என்றார், கணக்கு முடிக்க வந்திருந்த அக்கா. முதலாளி அவரை நாளைக்கு வேலைக்கு வரச் சொன்னார்.

பஸ்ஸில் பிரபு, "நம்ம மானம் போச்சுங்க" என்றான்.

"அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?" என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.