பூவில் குறையில்லை

வில்லாபுரம்
14.6.2020, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

முனீஸ்வரி எழுதுவது. அம்மாவும் அப்பாவும் தூங்கிவிட்டார்கள். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். போன் அப்பாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கும் அன்னக்கொடி அத்தையிடம் காலையில் இதைக் கொடுத்துவிடுவேன்.

அப்பாவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல், இருமல். "வருசா வருசம் கார்த்திகையில வர்ற சளிக் காச்சதான். இந்த வருசம் வைகாசியிலயே வந்துருச்சு" என்கிறார். வெறும் சளிக் காய்ச்சல் என்றால், கொரோனா வார்டு வேலைக்குப் போன உன்னை ஏன் வீட்டுப் படி ஏறாதே என்றார்? கேட்கப் பயமாக இருக்கிறது.

மாநகராட்சி ஆட்கள் தினமும் வாசலில் வந்து விசாரிக்கிறார்கள். அப்பா மாத்திரையைப் போட்டுக்கொண்டு உள்ளே படுத்துவிடுகிறார். அம்மா, "யாருக்கும் ஒண்ணுமில்ல சார்" என்கிறாள். சொன்னால் தெருவையே தகரம் வைத்து அடைப்பார்களாம். நம் பூக்கடைப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்களாம்.

நேற்று அழகுபாண்டி சித்தப்பா தோட்டத்துப் பூ கொண்டுவந்தார். அப்பா ஒரு கை அள்ளி முகர்ந்தார்.

"ஏண்டா அழகு, ஐஸ் பெட்டிப் பூவ என்கிட்டயேவா தள்ளுற? வாசமே இல்லையே!"

"அண்ணே, விடியக்காலம் பறிச்சது. சத்தியமா!"

"இருபது வருசமாப் பூ பாக்குறவன்டா நான்" என்று பையை வாசலில் எறிந்துவிட்டார். ராத்திரி தெரு முழுக்க மல்லிகை மணந்தது. பாவம் சித்தப்பா.

இது சளிக் காய்ச்சல்தானே? ஆமாம் என்று எழுது.

உன் தங்கை
முனீஸ்வரி


செவிலியர் விடுதி
15.6.2020

அன்பு முனீசுக்கு,

இந்தத் தாளைக் கிருமி சாக அயர்ன் பெட்டியால் ஒரு தடவை தேய்த்துவிட்டுப் படி.

ஆமாம் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சளிக் காய்ச்சல் நம் உடம்புக்குப் பழகினது. அடித்துப் போட்டாலும் பெரும்பாலும் ஒரு வாரத்தில் விட்டுவிடும். அதிலும் சாகிறவர்கள் உண்டுதான். ஆனால் இது புதுசு. எந்த உடம்புக்கும் இதைத் தெரியாது, தடுப்பூசியும் இல்லை. ஒரு வாரம் சும்மா இருப்பதுபோல் இருந்துவிட்டு நெஞ்சில் இறங்கும். சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவருக்கே ஆக்சிஜன் குறைந்திருக்கும். விரலில் மாட்டும் கருவியில்தான் தெரியும். மூக்கு அடைக்காமலே வாசனை போய்விடும்.

முனீசு, சித்தப்பாவின் பூவில் குறையில்லை.

நாளை அந்த ஆட்கள் வரும்போது நீயே சொல். அம்மாவிடம் கேட்காதே. நிறையப் பேர் பிழைத்துத்தான் திரும்புகிறார்கள். ஆனால் நேரத்தோடு வரவேண்டும்.

அக்கா
ரோகிணி


வில்லாபுரம்
18.6.2020, இரவு

அன்புள்ள அக்கா,

சொல்லிவிட்டேன். அம்மா "ஒண்ணுமில்ல சார்" என்றதும், பின்னாலிருந்து "அப்பாவுக்கு ஆறு நாளாக் காச்ச" என்றேன். கருவியை மாட்டினார்கள். ஆக்சிஜன் எண்பத்தெட்டுதான்; தொண்ணூற்றைந்தாவது இருக்கவேண்டுமாம். "நல்லாத்தாங்க இருக்கேன், பேசுறேன்ல?" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸில் ஏறும்போது என்னைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு நாகமணி அக்கா ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

எனக்கும் அம்மாவுக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். நோய் இல்லை என்று வந்தது. ஆனாலும் தெருவில் தகரம் அடித்துவிட்டார்கள். அம்மா என்னிடம் பேசுவதே இல்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தகரத்துக்கு மேலே கையை நீட்டித்தான் இதைக் கொடுக்கவேண்டும்.

தப்புச் செய்துவிட்டேனா?

முனீஸ்வரி


செவிலியர் விடுதி
25.6.2020

அன்பு முனீசுக்கு,

நீ தப்புச் செய்யவில்லை. அப்பா என் வார்டில்தான் இருக்கிறார். இந்தப் பாதுகாப்பு உடுப்புக்குள் என் கண் மட்டும்தான் தெரியும்; அதுவும் கண்ணாடியில் ஆவி படிந்து. அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. ஆக்சிஜன் மாட்டும்போது, "எம் பெரிய மகளும் நர்சுதான் தாயி. வீட்டுக்கு வராதன்னுட்டேன்" என்றார்.

"ஏன்யா?"

"பயந்தான். வெளிய சொல்ல முடியுமா?"

இன்று அவருடைய எண் தொண்ணூற்றைந்து. அம்மாவிடம் சொல்.

எனக்குக் கொஞ்சம் அசதி, அவ்வளவுதான். நாள் முழுக்க முகக்கவசம் போட்டுப் போட்டு, விடுதிச் சாம்பார்கூட மணப்பதில்லை. தூங்கினால் சரியாகிவிடும்.

அக்கா


வில்லாபுரம்
4.7.2020, இரவு

அன்புள்ள அக்கா,

அப்பா வீட்டுக்கு வந்து நாலு நாளாகிறது. தனி அறையில் இருக்கிறார். "அங்க ஒரு நர்சுப் பிள்ள என்னத் தூங்காமப் பாத்துச்சு" என்றார். கதவுக்கு வெளியே நின்று, "அது அக்காதான்ப்பா" என்றேன். "கண்ணு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு" என்றார். அம்மா அழுதாள். அப்புறம் என்னிடம், "சாப்ட்டியாடி?" என்றாள்.

உன் கடைசிக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அப்பா பூவைக் குறை சொன்னார். நீ முகக்கவசத்தைக் குறை சொல்கிறாய். அதைக் கழற்றிவிட்டுத்தானே அக்கா சாப்பிடுவாய்?

போன வாரம் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. உன்னை வார்டிலும் காணோம், விடுதியிலும் காணோம், யாரைக் கேட்டாலும் தெரியவில்லை என்கிறார் அன்னக்கொடி அத்தை. போனை இப்போது அப்பாவே என்னிடம் கொடுத்துவிட்டார். உன் நம்பர் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றே சொல்கிறது.

இன்றைக்குச் சித்தப்பா தகரத்துக்கு மேலே ஒரு பை மல்லிகை நீட்டினார். அப்பா ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, ஒரு மொட்டைக் கதவிடுக்கு வழியாகக் கொடுத்தார்.

"இது லேசா மணக்குது. அவளுக்குக் குடுத்து விடு."

இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். நீ எங்கே இருந்தாலும் தேடிக் கொடுப்பதாக அத்தை சொல்லியிருக்கிறார். இந்தத் தாளை மட்டும் தேய்க்காதே, பூ கருகிவிடும். முகர்ந்து பார்த்துவிட்டு, மணக்கிறது என்று ஒரு வரி எழுதிப் போடு.

முனீசு