ஐந்தாம் சுற்றில் கொதித்த கார்

அன்புள்ள அம்மா,

துபாயில் நான் நலம். ஆரணி மில்லில் நெல் அவிக்கிற ஆவியில் உன் இருமல் கூடவில்லையே?

பந்தயத் தடத்தில் ஓட்டுகிற கார் ஒன்று ஐந்தாம் சுற்றிலேயே கொதித்துவிட்டது. பட்டறையில் எல்லோரும் பெரிய ரேடியேட்டர் போடச் சொன்னார்கள். காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் பக்கத்து இடுக்குகளில் தப்பிப்போவதை நான்தான் கண்டுபிடித்தேன். தகடு வைத்து அடைத்தேன். ஆயிலுக்கும் ஒரு கூலர் பொருத்தினேன். நேற்று இருபது சுற்று ஓடியும் சூடு ஏறவில்லை!

முதல் நாள் அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்ததில் விரலில் சின்னக் கொப்புளம், அவ்வளவுதான். "இன்னாடி அவசரம் உனக்கு?" என்று நீ திட்டுவதுபோலவே இருந்தது.

காரில் என் பெயரை ஒட்டினார்கள். 'நிலா' போதும் என்றார் முதலாளி. கன்னியம்மா என்ற உன் பெயரின் 'க' இல்லாமல் ஒட்ட விடமாட்டேன் என்றேன்.

நீ கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று அனுப்பு. என் கருவிப் பெட்டி மூடியில் ஒட்டிக்கொள்கிறேன். பட்டறைக்குப் போக வண்டி வந்துவிட்டது.

உன் மகள்,
க. நிலா