நீ பரிமாறினால் புண்ணியம்

விழுப்புரம்
12.3.1986

அன்புள்ள தம்பிக்கு,

"எச்சில் தட்டு எடுக்கறதுக்கா யக்கா, எம்புள்ளய உன் கேட்டரிங் பள்ளிக்கூடத்துல சேத்துக்கினே?" என்று நீ கேட்டு இரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து உன் மகன் நேமியோடு நீ பேசவில்லை.

சேர்ந்தபோது அவனுக்கு யார் முகத்தையும் பார்த்துப் பேச வராது. பள்ளியின் பயிற்சி உணவகத்துக்கு வரும் ஒரு விருந்தாளியிடம் தினமும் அவர் ஊரைக் கேட்டு வரச் சொன்னேன். இன்று ஓட்டலில் முன்பின் தெரியாதவர்களைச் சிரிக்க வைக்கிறான். ஆனால் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, உன் வாசலுக்கு வரத் துணிவில்லாமல் மூன்று முறை திரும்பிவிட்டான். நான் ஓய்வு பெற்றும் இந்த ஒரு பாடம் முடியவில்லையே என்று அலுத்துப் போகிறது.

உன் மகள் கல்யாணத்தில் நீயே குனிந்து பரிமாறினாய், இலை எடுத்தாய். புண்ணியம் என்றாய். அவன் செய்தால் மட்டும் இழிவா?

ஞாயிற்றுக்கிழமை அவனை அனுப்புகிறேன். நம் சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட உட்கார். அவன் பரிமாறட்டும். இன்னொரு கரண்டி குழம்பு நீயாகவே கேட்டு வாங்கு.

உன் அக்கா