டீச்சர் கையில் கொடுத்த சாவி

ஆக. 18, திங்கள்

காலையில் தூறல், ஒன்பது மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். வாய்க்காலில் முறைத் தண்ணீர் வந்துவிட்டது. எட்டாம் வகுப்புக் கணக்குத் தாள் மொத்தம் 42. திருத்தியது 6.

ஆசிரியர் அறையில் ஸ்டீபன் சார் (எங்கள் பள்ளி பி.டி. ஆசிரியர், பன்னிரண்டு வருடப் பழக்கம்) பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சார், கேரியர் கம்பி வேணுமே. அடுத்த செவ்வா கிளம்புறோம்." அவர் மாதா கோயிலிலிருந்து நாற்பது பேர் வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்கள். அத்தனை பேர் பையும் அடுப்பும் தண்ணீர்க் கேனும் அவர் கார் கூரையில்தான்.

கம்பி இருப்பது என் கார் கூரையில். ஜூலையில் போர் மோட்டாருக்குப் பிவிசி குழாய் ஏற்றிவர இரவல் வாங்கியது. இரண்டு கம்பி, நான்கு கால், நான்கிலும் பூட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே சாவி. இன்னொரு சாவியை அவரே எப்போதோ தொலைத்துவிட்டார். ஒரு நாள் வேலைக்கு வாங்கியதை ஒன்றரை மாதமாகக் கழற்றவில்லை. சோம்பேறித்தனம்தான், வேறு காரணம் இல்லை.

மாலை சாமி அலமாரியில் கை விட்டேன். மஞ்சள் முடிச்சைக் காணோம்.

"வெள்ளிக்கிழமையே உண்டியல்ல போட்டுட்டேனே," என்றாள் மனைவி சுமதி. "ஆடிக் கடைசி வெள்ளி, அப்படியே விட முடியுமா?"

பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு காசு முடிந்து வைத்திருந்த துணி. வீட்டில் யாரும் கை வைக்காத இடம் அதுதான் என்று கணக்குப் போட்டு, முடிச்சை அவிழ்த்துச் சாவியை உள்ளே வைத்து மறுபடி கட்டியது நான். அவளிடம் சொல்லவில்லை. அதைவிடக் கொடுமை, அவள் சொன்னது: "கனமா இருந்துச்சுங்க. நீங்களும் காசு போட்டிருக்கீங்கன்னு நெனச்சு சந்தோஷப்பட்டேன்."

வேண்டுதலைக் கிண்டல் செய்கிற ஆள் நான்.

ஆக. 19, செவ்வாய்

வெயில். பள்ளிக்குப் போகும் வழியில் கோயில் எழுத்தரைப் பார்த்தேன். சிரித்துவிட்டார். "உள்ள போனது போனதுதான் வாத்தியாரே. அது ஆத்தா சாமான். அதிகாரி வந்து தொறக்கணும், தை மாசம் ஆகும். அப்பவும் திருப்பித் தருவாங்களான்னு எனக்குத் தெரியாது."

ஸ்டீபனிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். மாதாவுக்கு நடக்கிற ஆளிடம், உங்கள் சாவி மாரியம்மன் உண்டியலில் என்று சொன்னால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். பள்ளி முழுக்கச் சிரித்திருக்கும். அதுதான் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

மதிய இடைவேளை. அவர்: "கம்பிய நான் வந்து கழட்டிக்கிறேன் சார். சாவி எங்க?"

நான்: "சாவியா? அன்னைக்கே டீச்சர் கையில கொடுத்துட்டேனே. குழாய் எறக்கின மறுநாளே."

டீச்சர் என்றால் அவர் மனைவி ரீட்டா. ஒன்றாம் வகுப்பு எடுக்கிறார்.

கொடுத்தவன் கம்பியைக் கழற்றாமல் சாவியை மட்டும் ஏன் கொடுத்தான் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே மாட்டியிருப்பேன். "அப்படியா, இவ ஒண்ணும் சொல்லலையே," என்று மட்டும் சொன்னார். முகம் மாறியது. ஏன் மாறியது என்று எனக்குத் தெரியும். ரீட்டா டீச்சரின் அம்மா கடைசி நான்கு வருடம் பெற்ற மகளையே யாரென்று கேட்டுக்கொண்டிருந்தவர். அந்தச் சாவுக்கு நானே போயிருக்கிறேன்.

வாய் தவறி வந்தது என்று எழுத வந்தேன். பொய். டீச்சர் எதிர்த்துப் பேச மாட்டார் என்று தெரிந்துதான் அவர் பெயர் வந்தது.

ஆக. 20, புதன்

பள்ளிக்கு அரை நாள் விடுப்பு. கம்பியோடு மல்லுக்கட்டு. செய்து பார்த்தவை:

பீரோ சாவி, சூட்கேஸ் சாவி, பாப்பாவின் சைக்கிள் பூட்டுச் சாவி. சைக்கிள் சாவி பாதி நுழைந்தது, திரும்பவில்லை.
பூட்டுத் துளையில் தேங்காய் எண்ணெய். எறும்பு வந்ததுதான் மிச்சம்.
ஹேர்பின். உடைந்து உள்ளேயே நிற்கிறது. இடது முன் கால்.
பட்டை ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பல். கூரையில் ஒரு விரல் நீளம் பெயின்ட் போயிற்று.

எதிர்வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "யாரு வண்டிய சார் உடைக்கிறீங்க?" என்றார். என் வண்டிதான் என்றேன். கம்பி என்னுடையதில்லை என்று சொல்லவில்லை.

நான்கு மணிக்கு ஸ்டீபன் போன். "அரிசி டின்னக் கொட்டித் தேடுறா சார். தையல் மிஷின் டிராயர், பைபிள் ஒறை, ஒண்ணு விடல. விடுடின்னா கேக்க மாட்டேங்குறா." குரலைத் தாழ்த்தி, "அம்மா மாதிரி ஆயிடுமோன்னு பயப்படுறா சார்."

சொல்லியிருக்க வேண்டும். "கிடைக்கும் சார், கிடைக்கும்," என்றேன். எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

தாள் திருத்தியது 0.

ஆக. 21, வியாழன்

சொல்லிவிடுவது என்று முடிவு. பள்ளி விட்டதும் நேரே ஸ்டீபன் வீடு. வழியெல்லாம் முதல் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஸ்டீபன் மைதானத்திலிருந்து இன்னும் வரவில்லை. ரீட்டா டீச்சர் கதவைத் திறந்ததும், நான் வாய் திறப்பதற்குள், "மன்னிச்சிருங்க சார்," என்றார்.

என்னிடம்.

உள்ளே பீரோ திறந்து கிடக்கிறது. துணியெல்லாம் கட்டிலில். மேசையில் இரட்டைக்கோடு நோட்டு ஒன்று. பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டுகிற அதே குண்டுக் கையெழுத்தில்: பீரோ சாவி, தலையணை உறைக்குள். கேஸ் புக், டிவி அடியில். மாத்திரை, காலையில் போட்டாயிற்று.

"இப்ப எல்லாத்தையும் எழுதி வெச்சிக்கிறேன் சார். எங்கம்மாவுக்கு ஆரம்பிச்சதும் சாவிலதான்."

காபி கொடுத்தார். சர்க்கரை போட்டோமா என்று என்னிடமே கேட்டார். போட்டிருந்தார். பிறகு எதிரே உட்கார்ந்து, "சார், நீங்க குடுத்தப்ப நான் என்ன சொன்னேன்? ஏதாவது ஒரு வார்த்தை கெடச்சா பிடிச்சிக்குவேன்," என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"'வெச்சிடறேன் சார்'னு சொன்னீங்க," என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். "வாசல்ல நின்னுதானே குடுத்தீங்க?"

"ஆமா."

"ஆமா. கையில மாவோட வந்தேன். ஞாபகம் வர்ற மாதிரி இருக்கு சார்." முகத்தில் ஒரு நிம்மதி.

காபியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். நடக்காத ஒன்றுக்கு அந்தம்மா மாவு வரைக்கும் போய்விட்டார்.

ஆக. 22, வெள்ளி

புழுக்கம். மழை வரும்போல இருந்து வரவில்லை. ஸ்டீபனோடு பேசுவதைத் தவிர்க்க நூலகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சுமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். "சாவி உண்டியல்ல கெடக்குன்னு சொல்றதுக்கு வெக்கம். அந்தப் பொம்பளைக்கு மூளை கலங்கிப் போச்சுன்னு சொல்றதுக்கு வெக்கமில்ல?" அப்படிச் சொல்லவில்லையே என்றேன். "வேற என்ன சொன்னீங்க?" என்றாள்.

தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். ரசம் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆக. 23, சனி

காரை எடுத்துக்கொண்டு கும்பகோணம். கடைத்தெருவில் பூட்டு, சாவி ரிப்பேர் செய்கிற பாய். ஸ்டூல் போட்டு ஏறி நான்கு பூட்டையும் டார்ச் அடித்துப் பார்த்தார். "ஹேர்பின் யாரு விட்டது?" என்றார். நான்தான் என்றேன்.

"தொளை போட்டா அரை மணி நேரம். பூட்டு போயிரும், கம்பிக்கு ஒண்ணும் ஆகாது." டிரில்லை எடுத்தவர் நின்றார். "வண்டி உங்களுது. கம்பி?"

ஏன் கேட்டார் என்று தெரியவில்லை. நான் முழித்த முழி அப்படி இருந்திருக்கும். என்னுடையதுதான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. கூட வேலை பார்ப்பவருடையது என்றேன். இந்த வாரத்தில் கம்பியைப் பற்றி வெளி ஆளிடம் சொன்ன முதல் உண்மை.

"அப்ப அவர வரச் சொல்லுங்க. பூட்டுக்குச் சொந்தக்காரர் நின்னாத்தான் நான் பூட்டுல கை வெப்பேன். எங்க தொழில் அப்படி. இல்லன்னா எனக்கும் திருடனுக்கும் என்ன வித்தியாசம்?"

ஸ்டீபனுக்குப் போன் செய்தேன். நாளைக் காலைப் பூசை முடிந்ததும் வருகிறார். "ரீட்டாவும் வர்றா சார். வீட்ல இருந்தா தேடிக்கிட்டே இருக்கா."

ஆக. 24, ஞாயிறு

மேகமூட்டம். பத்தரைக்குப் பாய் கடைக்கு வந்தார்கள். ரீட்டா டீச்சர் ஒரு சுற்று இளைத்த மாதிரி. கையில் அந்த நோட்டு.

பாய் முதலில் பூட்டின் நடுவில் ஆணியால் ஒரு புள்ளி குத்தினார். டிரில் நழுவாமல் இருக்கவாம். மெல்லிய துளை, அப்புறம் அதிலேயே பெரிய துளை. அலுமினியத் தூள் என் காரின் கண்ணாடியில் கொட்டியது. நான்காவது பூட்டும் போனதும் மூடியைத் தள்ளி உள்ளே இருந்த போல்ட்டைத் திருகினார். கம்பி கையோடு வந்தது. கூரையில் அது இருந்த இடம் மட்டும் புதுசாக, மற்ற இடமெல்லாம் புழுதி.

பழைய பூட்டு இருந்த துளையில் மேசை டிராயருக்குப் போடுகிற சின்னப் பூட்டை அரத்தால் ராவிப் பொருத்தி, கம்பியை ஸ்டீபன் காரில் மாட்டினார். நான்குக்கும் ஒரே சாவி. கையில் இரண்டு கொடுத்தார்.

ஸ்டீபன் ஒன்றைத் தன் கொத்தில் கோத்தார். மற்றதை டீச்சரிடம் நீட்டினார். டீச்சர் வாங்கவில்லை.

"சார்கிட்டயே இருக்கட்டுங்க. என்னை இனிமே நம்ப முடியாது."

ஸ்டீபன் கையிலிருந்து சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"டீச்சர், நீங்க வாங்கவே இல்ல," என்றேன். எப்படி வந்தது என்று தெரியாது. "நான் கொடுக்கவே இல்ல. சாவி என் வீட்லேருந்து மஞ்சத் துணியோட கோயில் உண்டியல்ல போயிடுச்சு. சொல்ல வெக்கப்பட்டு உங்க பேரச் சொல்லிட்டேன்."

பாய் டிரில்லின் வயரைச் சுற்றத் தொடங்கினார். ஸ்டீபன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கும்.

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "'வெச்சிடறேன் சார்'னு சொன்னது?"

"நான் கட்டின கதை."

"மாவு?"

"அது நீங்க சொன்னது, டீச்சர்."

அழுவார் என்று நினைத்தேன், திட்டுவார் என்று நினைத்தேன். "ஆனா எனக்கு ஞாபகம் இருக்கே சார்," என்றார். "நீங்க வாசல்ல நின்னது, நான் கைய நீட்டுனது. இப்பவும் அப்படியே இருக்கே."

நோட்டைப் பிரித்து, சிவப்புப் பேனாவோடு என் மடியில் வைத்தார்.

"எழுதிக் குடுங்க. நாளைக்கு எந்திரிச்சா அதுதான் மொதல்ல வரும்."

எழுதினேன்: கேரியர் சாவியை நான் ரீட்டா டீச்சரிடம் கொடுக்கவில்லை. இருபத்தொரு வருடமாகக் கரும்பலகையில் எழுதுகிற கை, கோணல்மாணலாகப் போயிற்று. வாங்கிப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"கையெழுத்து, தேதி."

போட்டேன்.

ஆக. 25, திங்கள்

ஸ்டீபன் நாளையிலிருந்து விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, என் மேசையைத் தாண்டிப் போனார். "வர்றேன்" கூட இல்லை. தாள் திருத்தி முடித்தேன், 42. சுமதி பேசினாள், தயிர் வேண்டுமா என்று.

புதுச் சாவி என் சட்டைப் பையில். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஆக. 26, செவ்வாய்

விடியற்காலை நல்ல மழை. நடக்கிறவர்கள் நனைந்திருப்பார்கள். ஏழு மணிக்கு நானே ஸ்டீபனுக்குப் போன் போட்டேன். எடுக்க மாட்டார் என்று நினைத்தேன், எடுத்தார்.

"கம்பி?"

"ஆடல. நல்லா நிக்குது."

"டீச்சர்?"

பின்னால் பாட்டுச் சத்தமும் மழையும்.

"எந்திரிச்சதும் நோட்டத்தான் எடுத்தா சார். படிச்சிட்டு, 'இது யாரு கையெழுத்துங்க'ன்னு கேட்டா."