ஒன்பதாவது ரீமிக்ஸில் என் பெயர்

அன்புள்ள வசு அக்கா,

நீ இருக்கும் இடத்துக்குத் தபால் போவதில்லை என்பதால் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுத்திருக்கிறேன். எல்லார் கைக்கும் போனால் சுற்றிச் சுற்றி உன் கைக்கும் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. மயிலாப்பூரில் மற்ற விஷயங்கள் அப்படித்தானே பயணம் செய்கின்றன?

முதலில் செய்தி. நீ மறுபடியும் பாப் பாடகி ஆகிவிட்டாய். இரண்டு வருஷத்துக்கு முன் நீ பாடிய எட்டுப் பாட்டையும் எடுத்து, டான்ஸ் ஒரு பக்கம், ஹிப்ஹாப் ஒரு பக்கம் என்று பத்து ரீமிக்ஸ் செய்து கேசட் போட்டிருக்கிறார்கள். எட்டு எப்படிப் பத்தாகும் என்று கேட்பாய். மிச்சம் இரண்டும் அதே பாட்டுகள்தான். சத்தம் மட்டும் அதிகம். கேசட்டின் பெயர் ‘வசு நான்ஸ்டாப்’. பெயர் வைத்த கம்பெனி மேனேஜர், உனக்கு மாலை போட்டுவிட்டு வாசலில் நின்று அழுத மனிதர். அவரிடம் கெட்ட எண்ணம் கிடையாது. எந்த எண்ணமும் கிடையாது.

அட்டையில் உன் படத்துக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டியிருக்கிறார்கள். அடையாறு பள்ளிக்கூடத்தில் உன்னிடம் பூகோளம் படித்த பெண்கள் பார்த்தால் உனக்குக் கண்வலி என்று நினைப்பார்கள். ஹிப்ஹாப் பக்கத்தில் உன் குரலுக்கு நடுவே ஒருவர் ஆங்கிலத்தில் கோபமாகப் பேசுகிறார். நியூயார்க் சந்துகளில் தான் பட்ட அவதிகளைச் சொல்கிறார். அவர் தி.நகரில் ஒரு வங்கியில் டெபாசிட் பிரிவில் இருக்கிறார். தொண்டை கட்டாமலிருக்க அவர் அம்மா பிளாஸ்க்கில் மிளகுப்பால் கொடுத்தனுப்பியிருந்தாள்.

நீ சிரிப்பாய் என்றுதான் இவ்வளவும் சொன்னேன். இனி சொல்லப்போவதைத் தள்ளிப்போடுவதற்காகவும்தான்.

வெளியிடுவதற்கு முன் வாரிசு என்ற முறையில் அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அதனால் மாதிரிக் கேசட்டைக் கேட்க நான் போனேன். ஸ்டூடியோ தேனாம்பேட்டையில், ஒரு பல் டாக்டருக்கு மேல் மாடியில். கீழே பல் துளைக்கும் சத்தம் மேலேயும் கேட்டது. அதையும் ரீமிக்ஸில் சேர்த்தியாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். ரீமிக்ஸ் செய்தவர் டி.ஜே. சாம். கிண்டிக்காரர். சாம்பசிவத்தின் முன்பாதியை வைத்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிட்டார். என்னை அவருக்குப் பத்திரிகையில் எழுதும் புனைபெயரில்தான் தெரியும்.

“ஒம்போதாவது பாட்டக் கேளு சார்” என்றார். “அக்கா நடுவுல பேசுனது டேப்புல அப்டியே மாட்டிக்கினு இருந்திச்சு. அத்த வெட்டி லூப்பு போட்டேன். சும்மா அள்ளும் பாரு!”

ஒரு துண்டை வெட்டித் திரும்பத் திரும்ப ஓடவிடுவதற்குத்தான் லூப் என்று பெயர். டமடமவென்று அடி விழுந்தது. அதன் மேல் உன் குரல். “போதும்டா ரகு. போதும்டா ரகு. போதும்டா ரகு.” முப்பத்திரண்டு தடவை. நான் எண்ணினேன். வேறு என்ன செய்வது?

“யாரு சார் அந்த ரகு? தம்மு போட்டுக்கினு இருந்த ஆளா?” என்றார் சாம்.

“தெரியவில்லை” என்றேன்.

உனக்கு நினைவிருக்கிறதா அந்தப் பகல்? ரெக்கார்டிங் அறைக் கண்ணாடிக்கு அந்தப்புறம் நீ, இந்தப்புறம் நான். பாட்டு எழுதியவன் என்ற ஒரே தகுதியில் தயாரிப்பு, இயக்கம், விமர்சனம் எல்லாவற்றையும் நானே எடுத்துக்கொண்டிருந்தேன். ஆறு முறை பாடிவிட்டாய். “சுமையே இல்லாதவள் மாதிரி பாடு” என்று மைக்கில் சொன்னேன். சின்ன வயதுக் காய்ச்சலில் இதய வால்வு கெட்டுப்போன ஒருத்தியிடம் சொன்னேன். நீ ஹெட்ஃபோனைக் கழற்றாமலே, “போதும்டா ரகு. மூச்சு வரலே. இன்னிக்கு விட்டுடேன்” என்றாய். “ஒரே ஒரு டேக்” என்றேன். நீ சிரித்துவிட்டு ஏழாவது முறையும் பாடினாய்.

வெளியே வந்து, “பசிக்கறதுடா” என்றாய். கோபமா? இல்லை, உண்மையிலேயே பசியா?

எட்டு மாதம் கழித்து நீ போனாய். பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார் டாக்டர். நான் நிறையப் படித்தவன். டாக்டர் சொல்வதை நம்பாமல் இருக்கும் அளவுக்குப் படித்திருக்கிறேன்.

மாதிரிக் கேசட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு நாள் நடந்தேன். குளத்தைச் சுற்றினேன். லஸ் வரை போனேன். முதல் நாள் ராஜா அண்ணாமலைபுரம் தாண்டி அடையாறு பாலத்தின் நடுவில் நின்று, கேசட்டை எறிந்துவிடலாமா என்று யோசித்துவிட்டுத் திரும்பினேன். அங்கே அடியில் தண்ணீர் ஓடாது. போட்டது போட்ட இடத்தில் கிடக்கும். அந்த லூப்பை எடுக்கச் சொல்லி, அப்பாவிடம் எதையும் சொல்லாமல் கையெழுத்து வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்தால் தாள ஓசை கேட்கிறது. இரண்டாம் நாள் சட்டையை மாற்றியபோது கேசட்டை எடுத்து மேஜை மேல் வைத்திருக்கிறேன். மறுபடி எடுத்துக்கொள்ள மறந்துவிட்டது. அப்பா அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பாவைத்தான் தெரியுமே. எந்த ஓசை வந்தாலும் கை தொடைக்குப் போய்விடும். குக்கர் விசிலுக்கும் தாளம் போடுகிறவர், உன் ரீமிக்ஸ்களுக்கும் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்பதாவது வந்தது. நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“நாலு நாலா அடிக்கறான். சரி” என்றார் அப்பா. “ஆனா வசு சமத்துல, அடி விழற இடத்துல, எடுக்கலை பாரு. அரை இடம் தள்ளி எடுக்கறா.”

“லூப்புப்பா. அப்படித்தான் வெட்டுவா.”

“வெட்டினவன் ஞானஸ்தன்டா, சரியாத்தான் வெட்டியிருக்கான். இவ மூச்சு வாங்கிண்டு சொல்லியிருக்கா. அந்த மூச்சுதான் அரை இடம்.” கை விழுந்துகொண்டே இருந்தது. “முடிவையும் கேளு. ‘ரகு’ன்னு நிக்கலை. குரல் இன்னும் மேலே போயிண்டிருக்கு. அப்புறம் என்னமோ சொல்லியிருக்கா. என்னடா சொன்னா?”

முப்பது வருஷம் சபாக்களில் முன்வரிசையில் தூங்கியதாக நீயும் நானும் கேலி செய்த மனிதர், அக்கா இவர்.

சொன்னேன். மூச்சையும் சொன்னேன், ஏழாவது டேக்கையும் சொன்னேன். அப்பாவின் கை நின்றது. தாளத்தின் நடுவில் அந்தக் கை நின்று நான் பார்த்ததே இல்லை. டேப் மட்டும் டமடமவென்று ஓடியது.

“மொதல் கேசட்ல எது வந்தது?”

“ஏழாவது.”

“ஆறாவது எப்படி இருந்தது?”

“அதே மாதிரிதான்பா.”

“ம்” என்றார். எழுந்து போய் டேப்பை நிறுத்தினார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம்.

“பாட்டெல்லாம் இருக்கு” என்றார் கடைசியில். “பாட்டுல அவ உடம்புக்கு ஒண்ணும் இல்லாதவ மாதிரி நன்னா இருக்கா. இதுலதான் நம்மாத்து வசுவா இருக்கா. அவ பேசினது வேற எதுலயும் இல்லையேடா. வெட்டாம முழுசா வைக்கச் சொல்லு. கையெழுத்துப் போடறேன்.”

மறுநாளே தேனாம்பேட்டைக்குப் போனேன். லூப்பை எடுத்துவிட்டு, கேசட்டின் கடைசியில் நீ சொன்னதை முழுசாக, ஒரே ஒரு தடவை, அடி எதுவும் இல்லாமல் வைக்க வேண்டும் என்றேன்.

“இன்னா சார் நீ! டான்ஸ் கேசட்டு சார் இது” என்றார் சாம். “ஆடிக்கினு இருக்க சொல்ல அக்கா மூச்சு வரலேன்னா, பார்ட்டியே படுத்துடும்.”

“படுக்கட்டும்.”

“செம லூப்பு சார் அது. வயிறு எரியுது. சரி, அந்த ரகு வந்து கேட்டா இன்னா சொல்றது?”

“அவர் ஒன்றும் சொல்லமாட்டார்.”

சாம் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஃபேனை நிறுத்திவிட்டு, பழைய டேப்பைத் தேடி எடுத்தார். பாதியில் தானாகவே, “அந்த மூச்சயும் வுட்டுவெக்கிறேன் சார், முன்னாடி இஸ்துக்கிறாங்களே அது” என்றார். அப்பாவின் அரை இடம்.

கேசட் வந்துவிட்டது. நன்றாக ஓடுகிறது. ஆட்டோவில் நீ, பாண்டி பஜார் நடைபாதையில் நீ. என்னால்தான் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. எந்தக் கடையில் எப்போது ஒலிக்கும், எப்போது முடியும் என்று காதைத் தீட்டிக்கொண்டே நடக்கிறேன். பத்தாவது பாட்டு தொடங்கினால் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறேன். பல சமயம் அங்கே ஒன்பதாவது ஓடிக்கொண்டிருக்கிறது.

போன வாரம் ஒரு கல்யாண வரவேற்பு. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பம். சின்னதும் பெரியதுமாகக் கூட்டமே ஆடிக்கொண்டிருந்தது. கையில் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு மாட்டிக்கொண்டேன், வாசல் மறுகோடியில். கேசட் முடிவுக்கு வந்தது. அடி நின்றது. நீ மூச்சை இழுத்தாய். “போதும்டா ரகு. மூச்சு வரலே. இன்னிக்கு விட்டுடேன்.”

எல்லாரும் அப்படியே நின்றார்கள். பிறகு மாப்பிள்ளையின் பெரியம்மா, பட்டுப்புடவையும் வியர்வையுமாக, பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். “எனக்குந்தான் தாயீ!” என்றாள். கூடமே சிரித்தது. ஆடியவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். யாரோ அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். யாரும் இன்னொரு பாட்டுப் போடச் சொல்லவில்லை.

தண்ணீரைக் குடித்துவிட்டு அவள் சுற்றிலும் பார்த்தாள். “யாருடே அந்த ரகு? புள்ளைய இந்தப் பாடு படுத்தியிருக்கானே!”

நான் ஐஸ்கிரீமைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அக்கா. அது உருகிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் செய்த உருப்படியான காரியம் அதைக் கீழே சிந்தாமல் வைத்திருந்ததுதான்.

அப்பா தினமும் ஒரு தடவை அந்தக் கடைசித் துண்டைப் போட்டுக் கேட்கிறார். அதற்கு மட்டும் தாளம் போடுவதில்லை. அங்கே அம்மாவைப் பார்த்தாயா? உனக்கு இப்போது மூச்சு தேவைப்படுகிறதா, இல்லையா?

சாமிடம் தெரியாது என்றேன், மாப்பிள்ளையின் பெரியம்மாவிடம் அதைக்கூடச் சொல்லவில்லை. இன்னும் ஏகப்பட்ட முகூர்த்தங்கள் இருக்கின்றன. எல்லா மண்டபத்திலும் உன் கேசட் இருக்கிறது. அடுத்த முறை பத்தாவது பாட்டு தொடங்கும்போது நான் வாசலைத் தேடமாட்டேன். முடியும்வரை நிற்பேன். யாருடே அந்த ரகு என்று யாராவது கேட்டால், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கையைத் தூக்குவேன்.

கண்ணாடிக்கு இந்தப்புறம் நின்ற உன் தம்பி,
ரகு