மாத்திரைக்குக் கிறிஸ்மஸ் லீவு

உமுவோகா
ஜனவரி 6

அன்பு மகள் எபெலேவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நடமாட்டத்தோடு இருக்கிறேன், அங்கே வின்னிபெக்கில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் குளிர் அண்டாமல் சுகமாக இருக்கிறீர்களா என்று அறிய ஆசை. ஆசை என்று கை வழக்கத்தில் எழுதிவிட்டேன், உன் அம்மா போன இந்த ஒரு வருஷத்தில் எதன் மேலும் எனக்கு ஆசை என்று ஒன்று வரவில்லை. ஆனாலும் உன் செய்தி வந்தால் இரண்டு முறை படிக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் இதைச் சொன்னால் நீ அழுவாய், நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், அதனால்தான் எழுதுகிறேன்.

பண்டிகை மாதம் பிறக்கும் முன்பே நீ அனுப்பிய பட்டியலைக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். பாதித் தட்டு கீரை, இடித்த வள்ளிக்கிழங்கு ஒரு கைப்பிடி, இனிப்பு மால்ட் பாட்டிலைத் தொடக் கூடாது, காலையில் அரை மணி நேரம் நடை, வேளை தவறாமல் சர்க்கரை மாத்திரை. எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். டிசம்பரில் நம் ஊரில் யாராலும் முடியாத காரியம், லாகோஸிலிருந்து வந்த பிள்ளைகள் எல்லாம் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டுக் காரிலேயே தூங்குகிறார்கள், இந்தக் கிழவன் மட்டும் கீரைத் தட்டோடு உட்கார்ந்திருக்கிறான் என்று எல்லோருக்கும் வியப்பு. அதில் வியக்க ஒன்றும் இல்லை, ஆசையே இல்லாதவன் பத்தியம் இருப்பது பெரிய வித்தையா. சிமெண்ட் ஆலையில் முப்பது வருஷம் லாரிகளை எடை போட்டவன் நான், இப்போது நான் நாலு கிலோ குறைந்திருக்கிறேன், பார்த்தவுடன் எனக்கே தெரிகிறது.

நடையில்தான் ஒரு சங்கடம் வந்தது. இருபத்துமூன்றாம் தேதி காலை, புழுதிக் காற்றில் மாதா கோவில் வரை நடந்து திரும்பிய பிறகு, வீட்டுத் தரையில் வாசலிலிருந்து நாற்காலி வரை சிவப்பாகக் கோடு. ரப்பர்ச் செருப்பைத் துளைத்து ஒரு ஆணி வலது பாதத்தில் ஏறியிருக்கிறது, எவ்வளவு தூரம் அதோடு நடந்தேன் என்று தெரியாது, வலிக்கவே இல்லை. மருந்தகத்து சிஸ்டர் பெர்பெச்சுவா ஆணியைப் பிடுங்கிக் கட்டுப் போட்டு, சர்க்கரையில ஒங்க பாதம் மரத்துப் போச்சு ஐயா, அது இனிமே சொல்லாது, நீங்கதான் பாத்துத் தெரிஞ்சுக்கணும், தெனமும் சாயங்காலம் யாராவது உள்ளங்கால பாக்கணும், இல்லேன்னா கால எடுக்கற வரைக்கும் போயிரும், வீட்ல பாக்க ஆளு இருக்காங்களா என்று கேட்டாள். இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்க முயன்றேன், குனிந்தால் என் முகம்தான் தெரிந்தது. முன்பெல்லாம் உன் அம்மாதான் பார்ப்பாள், பார்த்துவிட்டு, ராஜா பாதம் நல்லாத்தான் இருக்கு, மூளைதான் மரத்துப் போச்சு என்பாள்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். கிறிஸ்மஸுக்கு மறுநாள் நம் ஆட்கள் எல்லோரும் உன் சித்தப்பா ஒகோலி வீட்டில் சாப்பிடுவது உனக்குத் தெரியும். முந்தின கிறிஸ்மஸின்போது அங்கே சாப்பிட்டுவிட்டு வந்த சாயங்காலம்தான் உன் அம்மா விழுந்தாள், மறுநாள் போய்விட்டாள். அந்தச் சாப்பாட்டில்தான் விஷம் கலந்திருந்தது என்று அதற்குப் பிறகு ஊரில் பேசியதும் உனக்குத் தெரியும், அடக்கத்துக்கு வந்தபோது நீயே ஒகோலியின் கையைத் தொடாமல் போனாய், அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

இந்தக் கிறிஸ்மஸுக்கும் போனேன். வழக்கம்போல் விருந்துக்கு முன் கோலாக் கொட்டையை உடைத்துப் பங்கிட்டார்கள், என் பங்கைத் தின்றேன். பிறகு உன் சித்தி பெனடிக்டா சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தாள். கசப்பிலைக் குழம்பு, இடித்த கிழங்கு, ஆட்டிறைச்சி, சோறு என்று ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து, எல்லோர் முன்னாலும் முதல் கரண்டியை அவளே தின்று காட்டிவிட்டுப் பரிமாறினாள். பனங்கள் ஊற்றுகிறவன் முதலில் குடித்துக் காட்டுவது எங்கும் உள்ளதுதான், ஆனால் சோற்றைக்கூடத் தின்று காட்டியதை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. நான் உன் பட்டியல் நினைவிலேயே இருந்தேன். வீட்டிலேயே கீரை சாப்பிட்டுவிட்டேன், எனக்கு வேண்டாம் என்றேன். அவ்வளவுதான், மகளே. பக்கத்தில் இருந்தவர் தன் தட்டைக் கீழே வைத்தார். அவரைப் பார்த்து அடுத்தவர் வைத்தார். முற்றத்தில் தட்டு வைக்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒகோலி எழுந்து வந்து என் முன்னால் நின்றான். ஏண்ணே, ஊரு பேசுனப்ப, எங்கண்ணன் நம்பமாட்டாருன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, நீங்களும் என் வீட்ல கை நனைக்க மாட்டீங்களா என்று கேட்டான். பெரிய ஆள், குரல் உடைந்துவிட்டது.

முந்தின டிசம்பர் இருபதாம் தேதியே உன் அம்மா பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டாள். அதைப் போட்டால் அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கிறது, வீடு வீடாகப் போகும் நாளில் பட்டுத் துணியும் தலைக்கட்டும் கட்டிக்கொண்டு யார் வீட்டுக் கக்கூஸைத் தேடுவது, மாத்திரைக்கும் கிறிஸ்மஸ் லீவு குடுத்துட்டேன், ஜனவரி ஒண்ணாந் தேதி வேலைக்கு வரட்டும் என்றாள். நான் சிரித்தேன். நீங்களே வச்சுக்குங்க என்று அட்டையை என் கையில் கொடுத்தாள், நான் பண்டிகைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அது ஒரு வருஷம் அந்தச் சட்டையோடு அலமாரியில் தொங்கியது. தெரியாமல் இல்லை, தெரிந்தே தொங்கவிட்டிருந்தேன். ஊர் ஒகோலியைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை என்னைப் பார்க்காது என்பதற்காக.

இந்த முறை விருந்துக்கும் அதே சட்டையைத்தான் போட்டிருந்தேன். அட்டையை எடுத்துக் கோலாத் தட்டில் வைத்தேன். பத்து மாத்திரை, ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. நடந்ததை எல்லோரும் கேட்கும்படி சொன்னேன், என் தம்பி வீட்டுச் சாப்பாட்டில் ஒரு குற்றமும் இல்லை, குற்றம் என் பையில் இருந்தது என்றேன். ஒகோலி உள்ளே போய்விட்டான். பெனடிக்டாதான் கேட்டாள், ஒரு வருஷமா கோயில்ல என் பக்கத்துல உக்கார ஆளில்ல, என் மக நிச்சயம் நின்னு போச்சு, இந்த ஒரு வார்த்தை சொல்ல ஒங்களுக்கு ஒரு வருஷமா ஆச்சு என்று. கை கழுவிக்கொண்டு வந்து ஒரு கைப்பிடி கிழங்கும் குழம்பும் தின்றேன். ருசி தெரியவில்லை. அழுகையும் வரவில்லை. மற்றவர்களும் தட்டை எடுத்துத் தின்றார்கள்.

ஆறு நாள் ஒகோலி இந்தப் பக்கமே வரவில்லை. வருஷப் பிறப்புக்கு மறுநாள் சாயங்காலம் வந்தான். சிஸ்டர் பெர்பெச்சுவா பெனடிக்டாவிடம் என் காலைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தூக்குங்க என்றான். காலை மடியில் வைத்து, போன் விளக்கை அடித்து, விரலிடுக்கு வரை பார்த்தான். சரி என்று சொல்லிவிட்டுப் போனான். தினமும் வருகிறான். அண்ணே என்று இன்னும் கூப்பிடவில்லை.

நீ அவனுக்குப் போன் செய். மன்னிப்பை நீ கேட்க வேண்டியதில்லை, அது என் கணக்கு, ஆனால் சித்தப்பா என்று ஒருமுறை கூப்பிடு. என் மேல் உள்ள கோபத்தை எல்லாம் எனக்கு எழுது, வாங்கிக்கொள்கிறேன். உனக்கும் பிரஷர் தொடங்கியிருக்கிறது என்று போன மாதம் சொன்னாய். மாத்திரைக்கு ஒரு நாளும் லீவு கொடுக்காதே, விருந்தானாலும் பயணமானாலும் சரி, கக்கூஸ் எங்கே என்று கேட்பதில் வெட்கம் எதற்கு. மாப்பிள்ளை சிரித்தால் இந்தக் கடிதத்தைக் காட்டு. சின்னவனுக்கு என் முத்தம். நம்மைப் படைத்தவர் உன் வீட்டில் யாரையும் குறைக்காமல் காக்கட்டும்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒகோலி வந்துவிட்டான். இன்று பாதத்தை அழுத்திப் பார்த்து, தெரியுதாண்ணே என்று கேட்டான். தெரியல என்றேன். அவன் கையை எடுக்கவில்லை, பாதத்தின் மேலேயே வைத்திருக்கிறான், அது எனக்குக் கண்ணால் பார்த்துத்தான் தெரிகிறது.

உன் அப்பா,
மதுவாபுச்சி